டெஸ்ட் பிழைச்சா யார் பொறுப்பு?

ஆசிரியருக்கு,

2020ல அமெரிக்காவில கொரோனா டெஸ்ட் சொதப்பினதுக்கு அங்க நோய்த் தடுப்பைப் பார்க்கிற சிடிசியா, மருந்துக்கும் டெஸ்டுக்கும் அனுமதி குடுக்கிற எஃப்டிஏயா காரணம் எண்டு உங்கட பேப்பரில வந்த கட்டுரை வாசிச்சன். ரெண்டு பேருக்கும் பங்கிருக்கு. பெப்ரவரி தொடக்கத்தில சிடிசி அனுப்பின கிட் கனக்க லாபுகளில சரியா வேலை செய்யல்ல, அது பிழைதான், ஆனா மற்ற லாபுகள் தாங்களே செய்த டெஸ்டைப் பாவிக்க எஃப்டிஏ வழிவிட்டது பெப்ரவரி 29லதானே, அவ்வளவு நாளும் நோய் சும்மா இருக்குமா? ரெண்டுக்கும் மேல இருந்த சுகாதாரத் திணைக்களம் ஏன் பார்த்துக்கொண்டிருந்தது எண்டுதான் முதல்ல கேக்க வேணும்.

எங்கட திருகோணமலையிலயும் இதைக் கண்டனாங்க. 2017ல கிண்ணியாப் பக்கம் டெங்கு பரவின நேரம் எங்கட சொந்தக்காரப் பிள்ளையின்ர ரத்த ரிப்போட் காய்ச்சல் விட்டாப்பிறகுதான் கைக்கு வந்தது, டெங்குவில காய்ச்சல் விடுற நேரம்தான் பெரிய ஆபத்து, ஆஸ்பத்திரியில கேட்டா லாபைச் சொன்னாங்க, லாபில கேட்டா ஆஸ்பத்திரியைச் சொன்னாங்க. மாவட்டத்துக்கு ஒரு அதிகாரியை டெஸ்டுக்குப் பொறுப்பா போட்டு, கிட் பிழைச்சா உடனே வேற லாபுக்கு மாத்துற அதிகாரத்தையும் சுகாதார அமைச்சு அவருக்கே குடுக்கட்டும்.

வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை