ஒரே வீடு, ஓராண்டு: நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கு வணக்கம்.

ஆண்டுதோறும் உங்கள் மாணவர்கள் முதியோர் இல்லங்களுக்கு வருகிறார்கள். பழம், பிஸ்கட், இரண்டு பாட்டு, கிளம்பும்போது ஒரு குரூப் போட்டோ. பிறகு எழுதும் அறிக்கையில் பெரும்பாலும் இந்த வரி இருக்கும்: ‘அவர்களைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கிடைத்திருக்கும் வாழ்க்கையின் அருமை புரிந்தது.’ மனதார எழுதுவதுதான், சந்தேகமில்லை. ஆனால் படுத்திருப்பவர் காதில் அது எப்படி விழும்? தன் வலி அடுத்தவர் ஆறுதலுக்கு ஒரு காட்சியாகிவிட்டது என்றுதானே.

வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் தொண்டர்களும் நர்ஸுகளும் சேர்ந்து இதை எழுதுகிறோம். நாங்கள் கேட்பது ஒன்றுதான். ஒரு நாள் விஜயத்தை விட்டுவிட்டு, மாணவர்களை இருவர் இருவராக, ஒரே வீட்டுக்கு, ஓராண்டு முழுக்க அனுப்புங்கள்.

நேரம் இடிக்காது. உங்கள் திட்டப்படி ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணி செய்ய வேண்டும். வாரம் 2 மணி நேரம் என்று 40 வாரம் போனால் 80. மிச்சம் 40இல் பயிற்சியும் மாதக் கூட்டமும் அடங்கிவிடும். கேரளத்தில் இது நடந்து காட்டிய வழி. கோழிக்கோட்டில் 1993இல் சிறிய அளவில் தொடங்கிய வலி நிவாரணப் பணி, பிறகு மலப்புறம் பக்கம் அக்கம்பக்கத்தாரே நடத்தும் வலையமைப்பாக வளர்ந்தது. 2008இல் அந்த மாநில அரசு இதற்கென்றே கொள்கை வகுத்தது. இந்தியாவில் அதுதான் முதல். அங்கே முதுகெலும்பாக நின்றவர்கள் பயிற்சி பெற்ற சாதாரண ஜனங்கள்.

பயிற்சியில் முதலில் சொல்லித்தர வேண்டியது படுக்கைப்புண். அசைய முடியாதவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். முழுக்க ஒருக்களித்துப் போட்டால் இடுப்பெலும்பின் மேலேயே எடை இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை முட்டுக்கொடுத்து லேசான சாய்வில், சுமார் 30 டிகிரியில், படுக்கவைத்தால் போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு துணிச் சுருள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை, குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி. கையைப் பிடித்து இழுத்து நகர்த்தக் கூடாது. தோல் உராய்ந்து பிய்ந்துவிடும், பக்கவாதம் வந்தவருக்குத் தோள்மூட்டே நழுவும். அடியில் மடித்த விரிப்பைப் போட்டு, இரண்டு பக்கமும் இருவர் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். இருவராக அனுப்பச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் மாநிறத் தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது. புறங்கையை வைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று நர்ஸுக்குச் சொல்ல வேண்டும். அந்த இடத்தை எண்ணெய் விட்டுத் தேய்ப்பது பல வீடுகளில் பழக்கம். அது உள்ளே நைந்த திசுவை இன்னும் நைத்துவிடும். ஏர் பெட் வாங்கியிருந்தும் புண் வருகிறதே என்பார்கள். பார்த்தால், அதன் மேல் ரப்பர் ஷீட், கம்பளி, இரண்டு மடிப்பு வேட்டி. இல்லையென்றால் கரண்ட் பில்லுக்குப் பயந்து பம்பை அணைத்து வைத்திருப்பார்கள். மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்: உடம்பின் எலும்பு கையில் தட்டுப்பட்டால் காற்று போதவில்லை. மெத்தை இருந்தாலும் புரட்டுவதை நிறுத்தக் கூடாது.

சாப்பாடு ஊட்டும்போது நிமிர்த்தி உட்காரவைத்து, சின்ன ஸ்பூனில், ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்தது. பக்கவாதக்காரர் என்றால் செயலிழந்த பக்கக் கன்னத்தில் சோறு தங்கிவிடும். முடிந்ததும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். இருமினாலோ குரல் ஈரமாகக் கரகரத்தாலோ உடனே நிறுத்துங்கள். அரை மணி நேரம் கழித்துத்தான் படுக்க வைக்கலாம். மூக்குக் குழாய், யூரின் டியூப், புண்ணுக்கு டிரஸ்ஸிங், மாத்திரை அளவு ஆகியவற்றில் மாணவர்கள் கை வைக்கவே கூடாது. யூரின் பேக் தரையில் கிடக்கிறதா, இடுப்பு மட்டத்துக்கு மேலே தொங்குகிறதா என்று கவனித்து நர்ஸுக்குச் சொன்னால் போதும்.

இத்தனைக்கும் நடுவில் மாணவர் தரும் பெரிய உதவி அந்த 2 மணி நேரம்தான். மருமகளோ மனைவியோ அப்போது தலைக்குக் குளிக்கலாம், ரேஷன் கடைக்குப் போகலாம், தூங்கலாம். வந்தவர்களுக்கு காபி போட அவர் எழுந்தால், அந்த வாரம் போனதே வீண்.

இரண்டு மூன்று மாதம் புரட்டிப் பழகிய பிள்ளைகள் தங்கள் வீட்டிலேயே விசாரிக்கத் தொடங்குகிறார்கள்: பாட்டி படுக்கையாக இருந்தபோது ராத்திரி இரண்டு மணிக்கு யார் எழுந்தார்கள் என்று. அந்த நன்றி அம்மாவுக்கோ சித்திக்கோ நேராகப் போய்ச் சேர்கிறது. நாங்கள் மதிக்கும் நன்றி அதுதான்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் பட்டியலில் முகாமுக்கு வராத சிலரின் வீட்டில் ஸ்ட்ரோக் வந்த அப்பாவோ, டயாலிசிஸுக்கு அலையும் அம்மாவோ இருக்கிறார்கள். ஏழு நாள் சிறப்பு முகாமுக்கு அவர்களால் எப்படி வர முடியும்? வராதவர் என்று குறிக்கும் முன் தனியாக அழைத்துக் கேளுங்கள். வீட்டுப் பணியைக் கணக்கில் சேர்க்க விதியில் இடமுண்டா என்று பல்கலைக்கழக ஒருங்கிணைப்பாளரிடம் பேசுங்கள். அவர்களுக்கே விருப்பமிருந்தால் மட்டும், மற்ற மாணவர்களுக்குச் சொல்லித்தரும் இடத்தில் அவர்களை உட்கார வையுங்கள். எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்திக் கதை சொல்லச் சொல்லாதீர்கள்.

போட்டோ வேண்டாம். ‘எல்லாம் சரியாகிடும் தாத்தா’ என்ற பேச்சும் வேண்டாம். புற்றுநோய் முற்றியவருக்குத் தன் நிலை தெரியும். தேர்வு மாதத்தில் வர முடியாது என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் நின்றுபோவதுதான் அந்த வீட்டை நோகடிக்கும். நோயாளி இறந்துவிட்டால் மாணவர்கள் துக்கத்துக்குப் போகட்டும். பதினாறு கழிந்து ஒருமுறை மறுபடி போகட்டும். அன்று, நோயாளியைப் பார்த்துக்கொண்டவரின் இடுப்புவலியைப் பற்றிக் கேட்கட்டும்.

வீடுகளை நீங்களாகத் தேட வேண்டாம். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே போகும் நோய்த்தணிப்பு நர்ஸுகளும் (தீராத நோயின் வலியையும் அவதியையும் குறைக்கப் பயிற்சி பெற்றவர்கள்) பிசியோதெரபிஸ்டுகளும் இருக்கிறார்கள். உங்கள் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால், எந்த வீட்டுக்குத் துணை தேவை, எந்தக் குடும்பம் சம்மதிக்கும் என்று அவர்களே சொல்வார்கள். கல்வியாண்டின் முதல் மாதத்திலேயே மாணவர் பெயர்ப்பட்டியலை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள், பயிற்சிக்கு நாங்கள் வருகிறோம்.