மலையோடு மக்களையும் கணக்கெடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலைகள் என்றாலே பனி உருகும் செய்திதான் வருகிறது. அதை அளப்பது அவசியம்தான். சூரிச்சில் இயங்கும் உலகப் பனியாறு கண்காணிப்பு அமைப்பு பல நாட்டு அளவீடுகளைத் தொகுக்கிறது. 'குளோரியா' திட்டத்தில் சிகரங்களின் செடிகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே இடத்தில் கணக்கெடுக்கிறார்கள். சரி, அங்கே வாழும் மக்கள்? இளைஞர்கள் வெளியேறுவதும் ஊற்று வற்றித் தண்ணீருக்குக் கூடுதல் தூரம் நடப்பதும் தொடர்ந்து பதிவாக வேண்டாமா? மேய்ச்சல் நின்றாலும் புல்வெளியில் புதர் ஏறும், வெப்பம் கூடினாலும் ஏறும். மக்கள் கணக்கு இல்லாமல் எது காரணம் என்று எப்படிப் பிரிப்பது?

அப்புறம், உயரமான இடங்களில் வானிலை நிலையங்கள் மிகக் குறைவு. மேலே கருவி வைக்கவும், அதைப் பராமரிக்கும் உள்ளூர்க்காரர்களுக்குச் சம்பளம் தரவும் அரசுகள் நிரந்தர நிதி ஒதுக்க வேண்டும்.

- ஒரு வாசகர்