வீட்டுக்கு வீடு அலுமாரி

கல்லடி, மட்டக்களப்பு

அன்பு மகளுக்கு,

"அறுபது வயதுக்குப் பிறகு ஊரார் வீட்டு அலுமாரியைத் திறந்து பார்க்கிற வேலை எதுக்கம்மா, நாங்கள் அனுப்புகிற காசு போதாதா" என்று போனில் கேட்டாயே, அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, உன் மாமி பக்கத்தில் இருந்தா. காசு போதும் மனே. பென்சன் வருகிறது, அப்பாவின் வயல் குத்தகை வருகிறது, நீ அனுப்புவதில் பாதி வங்கியில்தான் கிடக்கிறது. யாருக்கு எந்த உடுப்பு, எந்த நிறம் பொருந்தும் என்று பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியும், அதற்கு ஊரில் ஆள் இல்லை என்று கண்டேன், இறங்கிவிட்டேன்.

மனையியல் ரீச்சராக இருந்த காலம் முழுக்கச் சடங்கு வீடு என்றாலும் கலியாண வீடு என்றாலும் சாறி கட்டிவிட என்னைத்தான் கூப்பிடுவார்கள், கட்டிவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வருவேன். அதற்கு இப்போது காசு வாங்கத் தொடங்கிவிட்டேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய் போல. சாறி கட்டிவிட இப்போது ஊருக்கு ஊர் இளம் பிள்ளைகள் இருக்கிறார்கள், முதல் நாளே சாறியை வாங்கிக்கொண்டு போய் கொய்யகம் பிடித்து அயன் பண்ணி மடித்துக் கொண்டுவந்து ஐந்து நிமிடத்தில் கட்டிவிட்டுப் போகிறார்கள், என்னை விடக் கெட்டிக்காரிகள். அவர்களோடு நான் போட்டிக்குப் போகவில்லை.

என்னிடம் வருகிறவர்கள் நாற்பத்தைந்து தாண்டிய பொம்பிளைகள். உடம்பு மாறிவிட்டது, அலுமாரி மாறவில்லை. மாதவிடாய் நின்ற பிறகு இடுப்பிலும் தொடையிலும் இருந்த சதை வயிற்றுப் பக்கம் வந்து சேருவது இயற்கை, ஆனால் சாறிச் சட்டை பழைய அளவிலேயே கிடக்கும். இருபது வயதுப் பிள்ளைக்கு முன்னால் நின்று இதைச் சொல்லி அளவு கொடுக்க அவர்களுக்கு வெட்கம். எனக்கும் அதே வயிறுதான், அதனால் என்னிடம் சொல்கிறார்கள். இந்தத் தொழிலுக்கு நான் போட்ட முதல் அந்த வயிறுதான் என்று அப்பா சொல்லிச் சிரிக்கிறார், சிரிக்கட்டும், பையைத் தூக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறவரும் அவர்தானே.

நான் என்ன செய்கிறேன் என்று கேட்டால், முதலில் அலுமாரியில் உள்ள எல்லாம் கட்டிலுக்கு வர வேண்டும். எல்லாம் என்றால் எல்லாம்தான், ஒளித்து வைத்ததும். அப்போதுதான் தெரியும், ஒரே அரக்கு நிறத்தில் ஏழெட்டுச் சாறி இருக்கும், எடுத்தவவுக்கே அது தெரியாது. உடுக்க ஒன்றுமில்லை என்று சொல்லுகிற வீட்டில்தான் கட்டில் நிறையும். பிறகு சட்டைகளைப் பிரித்துப் பார்க்கிறேன். சாறியைக் கெடுப்பது முக்கால்வாசி சட்டைதான், கைக்குழி இறுகி, தோள் வழிந்து, மார்புக்குப் பிடிக்கிற தையல் மடிப்பு, அந்த முன்பக்க டார்ட், இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே நின்றால் எவ்வளவு விலையான சாறியும் எடுபடாது. பழைய தையல்காரர்கள் பக்கத் தையலுக்கு உள்ளே துணி விட்டுத்தான் தைத்திருப்பார்கள், அதைப் பிரித்தால் இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றிரண்டு அங்குலம் கிடைக்கும், புதுச் சட்டைக்குப் போக வேண்டியதில்லை. இப்போது தைக்கிறவர்கள் ஓவர்லொக் அடித்து உள்ளே ஒன்றும் விடாமல் வெட்டி எறிந்துவிடுகிறார்கள், அதனால் தைக்கக் கொடுக்கும்போதே உள்ளே துணி விடச் சொல்லிக் கொடுங்கள் என்று எல்லாருக்கும் சொல்லி அனுப்புகிறேன். சிறிய விஷயங்களும் இருக்கின்றன, எந்தச் செருப்போ அதைப் போட்டுக்கொண்டுதான் சாறியைச் செருக வேண்டும், உயரம் குறைந்தவ அகலக் கரை கட்டினால் இன்னும் குட்டையாகத் தெரிவா, இப்படி.

2022இல் சில மாதத்துக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனது உனக்கு ஞாபகம் இருக்கும், நீ அங்கிருந்து பயந்துபோய்ப் போன் எடுத்தாய். அதற்குப் பிறகு சாறி விலை பழைய இடத்துக்கு வரவேயில்லை. அதனால் புதிதாக எடு என்று நான் சுலபத்தில் சொல்வதில்லை, இருப்பதைக் கட்டவைப்பதுதான் என் வேலை. காத்தான்குடியில் ஒரு கடைக்காரர், ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தால் கொமிஷன் தருகிறேன் என்றார். நல்ல மனுசன், நல்ல துணியும் வைத்திருக்கிறார், ஆனால் ஒரு தரம் அந்தக் காசை வாங்கினால் பிறகு நான் "இது உங்களுக்குப் பொருந்தாது" என்று சொல்லவே ஏலாது. வேண்டாம் என்றுவிட்டேன்.

நிறத்தைப் பற்றித்தான் அதிகம் கதைக்க வேண்டியிருக்கிறது. கடையில் ரியூப் லைற்றுக்குக் கீழே ஒத்துப்போகிற சாறியும் சட்டையும் வெளியே வெயிலுக்கு வந்தால் இரண்டு வேறு நிறமாக நிற்கும், இதை எல்லாரும் அனுபவித்திருக்கிறோம், இருந்தும் கடைக்குள்ளேயே முடிவெடுக்கிறோம். நான் எந்தத் துணியையும் விறாந்தையில் பகல் வெளிச்சத்தில் தோளில் போட்டுத்தான் பார்க்கிறேன். முகத்தைப் பார்க்க வேண்டும், துணியைப் பார்க்கக் கூடாது. நல்ல நிறம் என்றால் கண்ணுக்குக் கீழே உள்ள கருமை மங்கும், பொருந்தாத நிறம் என்றால் அது எழுந்து நிற்கும். நம்மட ஆட்கள் சின்ன வயதிலிருந்து கேட்டு வந்தது, கறுப்புப் பிள்ளைக்கு மஞ்சள் கூடாது, சிவப்பு கூடாது, வெளிர் நிறம்தான் எடுக்க வேண்டும் என்று. எனக்குக் கோபம் வருகிற ஒரே இடம் இது. சாம்பல் கலந்த வெளிர் ரோசாவைக் கட்டிவிட்டால் நம்மட தோல் சாம்பல் பூத்ததுபோல ஆகிவிடுகிறது, அதே ஆளுக்குக் கடுகு மஞ்சளையோ கடும் பச்சையையோ போட்டுப் பார், தோல் மினுங்கும். ஐம்பது வயதில் முதன்முதலாக மஞ்சள் கட்டிய ஒருவ கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் தன் அம்மாவுக்குத் திட்டினா.

ஒரு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஊர் பேர் வேண்டாம். சண்டைக் காலத்தில் புருசன் போனது, அன்றிலிருந்து கிறீம், சாம்பல், வெளிர் நீலம், இவ்வளவுதான். மகனுக்குக் கலியாணம். தனக்கு ஒன்றும் வேண்டாம், மருமகளுக்கு என்ன எடுக்கலாம் என்று பார்த்துச் சொல்லுங்க ரீச்சர் என்றுதான் கூப்பிட்டா. சரி, உங்கட அலுமாரியையும் ஒருக்கா பார்ப்போம் என்றேன். அடித்தட்டில் ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி மருதமுனைக் கைத்தறிச் சாறி ஒன்று, கரும்பச்சை, சிவப்புக் கரை. கட்டவே இல்லை, ஆனால் மடிப்பு மாற்றி மாற்றி வைத்திருக்கிறா, அதனால் மடிப்பு ஓரத்தில் நூல் ஒரு இடமும் வெடிக்கவில்லை. அதைக் கொண்டுபோய் விறாந்தையில் அவவின் தோளில் போட்டுவிட்டு நான் வாயே திறக்கவில்லை. கன நேரம் பார்த்துக்கொண்டு நின்றா. "சனம் என்ன சொல்லும் ரீச்சர்?" "சனம் கலியாணச் சாப்பாட்டைப் பற்றித்தான் கதைக்கும், புரியாணி சரியில்லை என்று." சிரித்துவிட்டா. சட்டைக்கு அதே சிவப்பில் பருத்தித் துணி தேடி எடுத்துத் தைத்தோம், கை முழங்கை வரைக்கும். பொட்டு வைக்கவில்லை, பூ வைக்கவில்லை, அது அவவின் விருப்பம், அதற்குள் நான் போகவில்லை. மணவறைக்குப் பக்கத்தில் அந்தச் சாறியோடு நின்றா. ஒன்றிரண்டு கிழவிகள் முணுமுணுத்ததும் உண்மைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன், ஆனால் புரியாணியைப் பற்றியும் கதைத்தார்கள்.

உன் சிநேகிதியின் அம்மாவும் வந்தா. பெருந்தொகை கொடுத்துப் பட்டு என்று வாங்கி வைத்திருக்கிறா, ஆனி மாதக் கலியாணத்துக்கு, மத்தியான முகூர்த்தம், ஏசி இல்லாத மண்டபம். தொட்டதுமே எனக்குச் சந்தேகம். ஓரத்தில் ஒரு நூலை இழுத்து நெருப்புக்குச்சி கிழித்துக் காட்டினேன், வகுப்பில் உங்களுக்கும் செய்து காட்டியதுதான், பட்டு என்றால் தலைமயிர் பொசுங்குகிற மணம் வரும், பருத்தி என்றால் கடதாசி எரிகிற மணம், பொலியெஸ்டர் என்றால் உருகிச் சுருண்டு கறுப்பாக இறுகிவிடும். இறுகிவிட்டது. கச்சான் காற்று அனலாக அடிக்கிற நாளில் அதைச் சுற்றிக்கொண்டு ஹோமப் புகைக்குள் இருந்தால் மயக்கம்தான் வரும். அவவுக்கு முகம் விழுந்துபோனது, எனக்கும் கஷ்டமாக இருந்தது, என்ன செய்ய. அதை இரவு விருந்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி, முகூர்த்தத்துக்கு அவவின் சொந்தக் கலியாணக் கூறையையே வெளியே எடுத்தோம். சரிகை கறுக்கத் தொடங்கியிருந்தது, பூச்சி உருண்டையைச் சரிகையில் படும்படி போட்டு வைத்தால் அப்படித்தான்.

நீ அனுப்பிய இன்ஸ்டாகிராம் வீடியோ எல்லாம் பார்த்தேன். வட்ட விளக்கு வாங்கி, முன்பும் பின்பும் என்று படம் போடச் சொல்கிறாய். இந்த ஊரில் அது சரிவராது மகள். தனக்கு உடுக்கத் தெரியவில்லை என்று ஒருவ என்னைக் கூப்பிட்டதே பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாது, அப்படியிருக்க அவவின் படத்தை நான் உலகத்துக்குப் போடுவதா? வாட்ஸ்அப் ஸ்ரேற்றஸில் துணியை மட்டும் போடுகிறேன், ஆள் இல்லை. ஒருவ சொல்லி மற்றவ வருகிறா, அது போதும். காத்தான்குடியிலிருந்தும் ஒரு முஸ்லிம் அக்கா வந்தா, கறுப்பு அபாயா மட்டும் உடுக்கிறவ, ஸ்காஃப் எந்த நிறத்தில் எடுத்தால் முகம் களைப்பாகத் தெரியாது என்று கேட்டா, அதுவும் இதே வேலைதான்.

காசு விஷயம். வீட்டுக்குப் போய் அலுமாரி பார்க்க 3,000 ரூபாய், கடைக்குக் கூடப்போனால் அதற்கு வேறு. சொந்தக்காரருக்கு இனாம் இல்லை. உன் பெரியம்மா இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை, பிறகு காசை ஒரு கடித உறைக்குள் வைத்துக் கொடுத்துவிட்டாள், உள்ளே நூறு ரூபாய் கூட. கிராம சேவகரிடம் கையெழுத்து வாங்கிப் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரும் பதிந்துவிட்டேன், இனி இது விளையாட்டில்லை. தொடங்குவதற்குக் கடன் ஒரு சதம் எடுக்கவில்லை. நுண்கடன்காரர் கிழமைக் காசுக்கு வந்து வாசலில் நிற்க, பொம்பிளைகள் பின் கதவால் போனதைக் கண்ணால் கண்டவள் நான். ஒரு நீளக் கண்ணாடி, அளவு நாடா, ஊசிப் பெட்டி, ஒரு ஆவி அயன், முதல் அவ்வளவுதான். நீ அங்கிருந்து அயன் வாங்கி அனுப்பப் பார்க்காதே, உங்கள் பக்கம் 120 வோல்ட், இங்கே 230, குத்தின உடனே புகைந்துவிடும்.

இனி இந்தக் கடிதத்தை எழுதின காரணத்துக்கு வருகிறேன். எனக்கு உன் அறை வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்களை விறாந்தையில் வைத்து அளவு எடுக்க ஏலாது, தெருவால் போகிற எல்லாரும் எட்டிப் பார்க்கிறார்கள், முன்னறையில் அப்பாவும் ரீவியும். உன் அறை ஜன்னலால் மாமரத்துக்கு ஊடாக வெயில் நேரே விழாமல் வெளிச்சம் மட்டும் வருகிறது, நிறம் பார்க்க அதுபோல இடம் இந்த வீட்டில் இல்லை. உன் அலுமாரியைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து இந்த ஞாயிறு அனுப்புகிறேன், எது வேண்டும் எது வேண்டாம் என்று மறுமொழி போடு. ஏ-லெவல் காலத்துச் சல்வார்களை நீ இனிப் போடப்போவதில்லை, அவற்றைச் சித்தியின் மகளுக்குக் கொடுக்கிறேன். ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலுக்கு வருகிறோம் என்றீர்களே, அதற்கு முதல் அறை ஒழுங்காகிவிடும், நீயும் மருமகனும் பேத்தியும் முன்னறையில் படுக்கலாம், அப்பாவை ரீவியோடு விறாந்தைக்கு அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்
அம்மா