திரைப்பதிவு மென்பொருளில் தமிழ் எழுத்துகள் உடைந்து தோன்றுவது குறித்த புகார்

அனுப்புநர்:
நூலகர்,
அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி,
மதுரை மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
மென்பொருள் நிறுவனம், இந்தியப் பிரிவு.

பொருள்: புதிய பதிப்பில் தமிழ் எழுத்துகளும் சப்டைட்டில் கோப்புகளும் பயன்படுத்த முடியாதபடி சிதைவது – சரிசெய்து தரவும் சந்தாவை ஈடுசெய்யவும் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

எங்கள் கல்லூரி நூலகம், வாசகர்களுக்கான செயல்விளக்கக் காணொளிகளைத் தயாரிப்பதற்காக உங்கள் திரைப்பதிவு மென்பொருளைக் கல்வி நிறுவன உரிமத்துடன் ஓராண்டுச் சந்தாவில் வாங்கியது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் எழுத்துகளையும் சப்டைட்டிலையும் இடலாம் என்று உங்கள் விற்பனைப் பக்கத்தில் அறிவித்திருந்தீர்கள். விலை குறைந்த பிற மென்பொருள்களை விட்டு இதை வாங்க நாங்கள் பரிந்துரைத்ததற்கு அந்த அறிவிப்பே காரணம். தொடக்கத்தில் குறை ஏதும் இருக்கவில்லை. சந்தாக் காலத்தின் நடுவில் நீங்கள் அனுப்பிய புதிய பதிப்பு கணினியில் ஏறியது முதல், காணொளியில் நாங்கள் இடும் தமிழ் எழுத்துகள் அனைத்தும் உடைந்து தோன்றுகின்றன. உங்கள் உதவிப் பிரிவுக்குப் பலமுறை எழுதியும் தீர்வு கிடைக்காததால் இப்புகாரை முறைப்படி அனுப்புகிறேன்.

குறையின் தீவிரம் புரிய வேண்டுமானால், இக்காணொளிகள் யாருக்காக எடுக்கப்படுகின்றன என்பதை நீங்கள் அறிய வேண்டும். எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். அவர்கள் பயன்படுத்த வேண்டிய தேடல் தளங்களின் திரைகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளில் இயங்கும் எங்கள் ஓபேக் என்னும் இணையவழி நூற்பட்டியலில் ஆசிரியர் பெயரைக் கொண்டு நூலைத் தேடுவது, வேறொருவர் எடுத்துச் சென்ற நூலுக்கு முன்பதிவு செய்வது, கையிலிருக்கும் நூலை நேரில் வராமலேயே புதுப்பிப்பது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பதிப்புகளைப் பார்ப்பது என ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு மூன்று நிமிடக் காணொளி ஒன்றை எடுக்கிறோம். ஆங்கிலத் திரையின் மேல், உரிய இடத்தில், உரிய நொடியில் தமிழில் ஒரு வரி விளக்கம் தோன்ற வேண்டும் என்பதுதான் இவற்றின் உயிர்நாடி.

ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் மின்களஞ்சியமான சோத்கங்கா தளத்தில் ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு பெரும்பாலும் ஒரே கோப்பாக இருப்பதில்லை. முகப்பு, சான்றிதழ், இயல்கள், துணைநூற்பட்டியல் என்று தனித்தனி பி.டி.எஃப். கோப்புகளாகப் பிரிந்திருக்கும். முதல் கோப்பை மட்டும் திறந்து, தலைப்புப் பக்கத்தைத் தவிர வேறொன்றும் இல்லை என்று எண்ணித் தளத்தை மூடிவிடும் மாணவர்களை நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன். 'கீழே இறங்கிப் பாருங்கள், இயல்கள் தனியாக உள்ளன' என்ற ஒரே வரி, அம்புக்குறியுடன் திரையில் வந்தால் அந்தச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். அந்த ஒரு வரியைத்தான் உங்கள் மென்பொருள் இப்போது படிக்க முடியாததாக ஆக்குகிறது.

பின்னணிக் குரல் இருக்கிறதே, எழுத்து எதற்கு என்று உங்கள் உதவிப் பிரிவு ஊழியர் ஒருவர் கேட்டார். நூலகத்தின் வாசிப்புக் கூடத்தில் ஒலி எழுப்பக் கூடாது. அங்கிருக்கும் கணினிகளில் ஒலிபெருக்கி கிடையாது. எல்லா மாணவர்களிடமும் காதொலிப்பான் இருப்பதுமில்லை. ஆகவே இக்காணொளிகளை அவர்கள் பெரும்பாலும் ஒலியின்றியே, எழுத்தைப் படித்துத்தான் பார்க்கிறார்கள். செவித்திறன் குறைந்த மாணவர்களும் எங்களிடம் படிக்கிறார்கள். அவர்களுக்குச் சப்டைட்டில் இல்லாத காணொளியால் எந்தப் பயனும் இல்லை. மின்னணு ஊடகங்களில் சப்டைட்டில் இருக்க வேண்டியதன் தேவையை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே எடுத்துக் கூறுகிறது. இதை ஒரு கூடுதல் வசதியாக எங்களால் கருத முடியாது.

இனிக் குறையைத் துல்லியமாகக் குறிப்பிடுகிறேன். தமிழில் ெ, ே, ை ஆகிய குறிகள் கணினியில் மெய்யெழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்பட்டாலும், திரையில் அதற்கு முன்னால் தோன்ற வேண்டும். ொ, ோ, ௌ ஆகியவை எழுத்தின் இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும். கு, சூ, து போன்றவற்றில் எழுத்தின் வடிவமே மாற வேண்டும். உங்கள் புதிய பதிப்பு இவற்றில் எதையும் செய்யாமல், சேமித்த வரிசையிலேயே குறிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறது. அதனால் 'தேடல்' என்ற சொல்லின் முதல் எழுத்தே சிதைந்து, குறி தவறான பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது. 'கோஹா', 'தொகுப்பு', 'கையொப்பம்' போன்றவை படிக்கவே முடியாதவை ஆகின்றன.

எழுத்துருவை மாற்றிப் பாருங்கள் என்பது எங்களுக்கு வந்த முதல் பதில். லதா, நிர்மலா ஆகிய இரண்டிலும் சோதித்தோம். அதே வரி, அதே கணினியில், அதே எழுத்துருவில் நோட்பேடில் பிழையின்றித் தோன்றுகிறது. உங்கள் மென்பொருளுக்குள் ஒட்டியவுடன் உடைகிறது. உங்களுடைய பழைய பதிப்பில் நாங்கள் வெளியிட்ட காணொளிகளிலும் அவ்வெழுத்துருக்கள் சரியாகவே இருக்கின்றன. எனவே பழுது எழுத்துருவில் இல்லை. எழுத்துகளைக் கோத்துக் காட்டும் உங்கள் நிரலில்தான் இருக்கிறது. உலக மொழிகளின் எழுத்துகளைக் கணினியில் குறிப்பதற்கான பொதுத் தரமான யூனிகோடின், 1991இல் வெளியான முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. எழுத்துகளைக் கோக்கும் இவ்வேலையைச் செய்வதற்கென்றே ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரல் தொகுப்பு உரிமக் கட்டணம் இன்றிக் கிடைக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ், குரோம் உலாவிகளும் ஆண்ட்ராய்டு கைபேசிகளும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. தீர்வு இவ்வளவு அருகில் இருக்க, கட்டணம் வாங்கும் மென்பொருள் ஒன்று இக்குறையுடன் விற்கப்படுவதை ஏற்க இயலவில்லை.

சப்டைட்டிலை, வரிகளும் அவை தோன்றும் நேரக் குறிப்புகளும் மட்டும் அடங்கிய தனி எஸ்.ஆர்.டி. கோப்பாக ஏற்றுமதி செய்தாலாவது தப்பிக்கலாம் என்று முயன்றோம். அக்கோப்பு, யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 குறியாக்கத்தில் சேமிக்கப்படாததால், நேரக் குறிப்புகள் மட்டும் நிற்க, தமிழ் எழுத்துகள் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறிகளாக மாறிவிடுகின்றன.

எழுத்துகளை வேறொரு மென்பொருளில் படமாக்கி, அப்படத்தைக் காணொளியில் செருகும்படி கடைசியாக அறிவுறுத்தினீர்கள். அதன் பின் எங்கள் புகாரைத் தீர்க்கப்பட்டதாகக் குறித்து மூடியும்விட்டீர்கள். படமாக ஒட்டிய எழுத்தைப் பின்னர் திருத்த முடியாது. சப்டைட்டில் வேண்டாதவர் அதை அணைத்துவைக்கவும் முடியாது. எங்கள் பணிக்குத் திருத்தம் இன்றியமையாதது: கோஹாவின் புதிய வெளியீடு ஆண்டுக்கு இருமுறை, மே மாதத்திலும் நவம்பரிலும் வருகிறது, நாங்கள் மேம்படுத்தும்போதெல்லாம் திரையில் பொத்தானின் இடமோ பெயரோ மாறக்கூடும். மாறிய பகுதியை மட்டும் மீண்டும் பதிவு செய்து, உரிய வரியை மட்டும் திருத்தி வெளியிட முடியும் என்பதற்காகவே இத்தகைய மென்பொருளுக்குப் பணம் செலவிடுகிறோம். வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது எஸ். ஆர். ரங்கநாதன் நூலகத் துறைக்கு வகுத்த நான்காவது விதி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக இருந்த அவருடைய துறையில் பணிபுரியும் எங்களால், படிக்க முடியாத விளக்கத்தை வாசகர் முன் வைக்க முடியாது.

பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியும் அடைபட்டிருக்கிறது. புதிய பதிப்பில் ஒருமுறை திறந்து சேமித்த ப்ராஜெக்ட் கோப்புகள் பழைய பதிப்பில் திறப்பதில்லை. சேமிக்கும் முன் இதைப் பற்றிய எச்சரிக்கை எதுவும் திரையில் வரவில்லை. இதனால் புதிய கல்வியாண்டில் சேர்ந்த மாணவர்களுக்கான அறிமுகக் காணொளிகளை உரிய காலத்தில் வெளியிட இயலாமல் போயிற்று. நூலகப் பணியாளர்கள் தங்கள் அன்றாடப் பணிக்கிடையே செய்த பதிவுகள் பயன்படாமல் கிடக்கின்றன.

ஆகவே, இக்குறையைச் சரிசெய்த பதிப்பு எந்த நாளில் வெளிவரும் என்பதை உறுதியாகத் தெரிவிக்க வேண்டும். அதுவரை நாங்கள் பணியைத் தொடர, பழைய பதிப்பின் நிறுவல் கோப்பையும், எங்கள் ப்ராஜெக்ட் கோப்புகளை அதில் திறக்கும்படி மாற்றித் தரும் வசதியையும் வழங்க வேண்டும். எஸ்.ஆர்.டி. ஏற்றுமதி யூ.டி.எஃப்-8இல் அமைய வேண்டும். இதற்குப் பெரிய மாற்றம் தேவைப்படாது என்பதால் உடனே செய்து தர முடியும் என நம்புகிறேன். மென்பொருள் பயன்படாமல் இருந்த காலத்துக்கு ஈடாகச் சந்தாவைக் கட்டணமின்றி நீட்டிக்க வேண்டும். இயலாதெனில் அக்காலத்துக்குரிய தொகையைக் கல்லூரியின் கணக்கில் திருப்பிச் செலுத்த வேண்டும். எங்கள் எழுத்துமூலமான ஒப்புதல் இன்றிச் சந்தாவைத் தானாகப் புதுப்பிக்கக் கூடாது. குறை தீரும்வரை, தமிழில் இயங்கும் என்ற அறிவிப்பை விற்பனைப் பக்கத்திலிருந்து நீக்கிவைப்பதே முறை. அதை நம்பி வாங்கக்கூடிய நூலகங்கள் இன்னும் பல இருக்கின்றன.

கட்டண ரசீது, உங்கள் உதவிப் பிரிவுடன் நடந்த மின்னஞ்சல் தொடர்பு, ஒரே வரி நோட்பேடிலும் உங்கள் மென்பொருளிலும் தோன்றும் விதத்தைக் காட்டும் திரைப்பிடிப்புகள், சிதைந்த எஸ்.ஆர்.டி. கோப்பு ஒன்று ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். உங்கள் தொழில்நுட்பப் பிரிவினர் விரும்பினால், பழுது ஏற்படும் முறையைத் திரைப்பகிர்வின் வழியே நேரடியாகக் காட்டவும் அணியமாக இருக்கிறேன்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள், பொறுப்புள்ள அலுவலரின் பெயரில் எழுத்துமூலமான பதிலை அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். அவ்வாறு பதில் வராவிடில், கல்லூரி நிர்வாகத்தின் ஒப்புதலுடன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்து, அடுத்த நடவடிக்கைகளை மேற்கொள்வோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நூலகர்