மருத்துவ ஓவியங்களைத் தேர்வு செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவக் கல்லூரிச் சுவர்களுக்கும் கண்காட்சிகளுக்கும் ஓவியம் தேர்ந்தெடுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். அறுவை அரங்கை உள்ளது உள்ளபடி வரைந்த ஓர் ஓவியம் முன்னால் வந்தால், பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான் எழுகின்றன. உடற்கூறு சரியா? பார்ப்பவர் மனம் சங்கடப்படுமா? முதல் கேள்விக்கு ஒரு மருத்துவர் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார். இரண்டாவதை வைத்து ஓவியத்தைத் தள்ளிவிடாதீர்கள் என்று கேட்கவே இந்த மடல்.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1875இல் தாமஸ் ஏகின்ஸ் வரைந்த 'கிராஸ் கிளினிக்' ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டடி உயரம். ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சாமுவேல் கிராஸ் மாணவர்கள் முன்னிலையில் ஒருவரின் தொடையைத் திறந்து, நோயில் செத்துப்போன எலும்பை எடுக்கிறார். காலையே வெட்டிவிடாமல் காப்பாற்றும் சிகிச்சை. ஏகின்ஸ் அதே கல்லூரியில் உடற்கூறு படித்தவர். துல்லியத்தில் குறை சொல்ல முடியாது. அடுத்த ஆண்டு அந்த நகரிலேயே நடந்த அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டுக் கண்காட்சியில் கலைக்கூடத்துக்கு அதை ஏற்க மறுத்துவிட்டார்கள். ராணுவ மருத்துவமனையின் மாதிரிக் கூடத்தில், கட்டில்களுக்கு நடுவே கொண்டுபோய் மாட்டினார்கள்.

சரி, அதில் அப்படி என்ன இருக்கிறது? மேலிருந்து விழும் வெளிச்சம் கிராஸின் நரைத்த தலையிலும் அகன்ற நெற்றியிலும் படுகிறது. அப்புறம் கத்தி பிடித்த அவர் கையில். அந்தக் கை ரத்தத்தில் நனைந்திருக்கிறது. அப்புறம் நோயாளியின் வெளிறிய தொடையில். நோயாளியின் முகத்தை மயக்க மருந்துத் துணி மூடியிருக்கிறது. காலில் சாம்பல் நிறக் காலுறை அப்படியே கிடக்கிறது. ஆணா பெண்ணா என்றுகூட உடனே பிடிபடுவதில்லை. இடப்பக்கம் ஒரு பெண், நோயாளியின் தாய் என்பார்கள், கையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்கிறார். விரல்கள் இழுத்துக்கொண்டதுபோல் வளைந்திருக்கின்றன. அவருக்குப் பின்னால் ஒருவர் நிதானமாகக் குறிப்பெழுதுகிறார். கிராஸ் இருவரையும் பார்க்கவில்லை. அறுவையைச் சற்று நிறுத்திவிட்டு, மாணவர்களிடம் ஏதோ சொல்லத் திரும்பியிருக்கிறார்.

கலை இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பேன். அந்த அமைதியான நெற்றியையும் வளைந்த விரல்களையும் ஒரே பார்வையில் நம்மைப் பார்க்க வைக்கிறார் ஏகின்ஸ். மருத்துவரின் நிதானம் இல்லாமல் அந்தக் கால் பிழைக்காது. அதற்காகத் தாயின் வேதனை பொய்யாகிவிடாது. இரண்டில் எதையும் அவர் குறைத்துக் காட்டவில்லை. ரத்தம் இருப்பதால் மட்டும் ஓர் ஓவியம் உயர்ந்துவிடாது. அதிர்ச்சி கொடுக்க யாராலும் முடியும். இங்கே ரத்தம் அந்தக் கையில் இல்லாவிட்டால் கிராஸ் வெறும் பிரசங்கியாகியிருப்பார்.

இந்த ஓவியத்தில் சுற்றியிருக்கும் இருட்டும் ஏகின்ஸ் வேண்டுமென்றே வரைந்த இருட்டுதான். பிற்காலத்தில் யாரோ அளவுக்கு மீறிச் சுத்தம் செய்ததில் மேலிருந்த இருண்ட பூச்சு கரைந்துபோய், வலப்புற நடைவழியில் நிற்பவர்கள் செந்நிறமாகப் பளிச்சிட்டார்கள். மருத்துவ விவரம் ஒன்றுகூட மாறவில்லை. ஆனாலும் கண் கிராஸை விட்டு அங்கே ஓடியது. ஏகின்ஸே மையில் வரைந்த நகலையும் பழைய புகைப்படத்தையும் வைத்து, 2010இல் அந்த இருளை மீட்டார்கள். துல்லியம் மட்டுமே போதும் என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

1889இல் அதே ஏகின்ஸ் 'அக்ன்யூ கிளினிக்' வரைந்தார். மார்பக அறுவை, மருத்துவர்கள் வெள்ளை உடையில், ஒரு செவிலியும் நிற்கிறார். கையில் ரத்தம் வேண்டாம் என்று அதில் அறுவை செய்யும் மருத்துவர் அக்ன்யூ சொன்னதாகச் சொல்வார்கள். பெரிய ஓவியம்தான், ஆனாலும் எனக்கு முன்னதன் வலு இதில் இல்லை. அவர் கையைப் பார்த்தால் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கிறது.

முதல் ஓவியத்தைக் கல்லூரியின் பழைய மாணவர்கள் 1878இல் 200 டாலருக்கு வாங்கினார்கள். 2006இல் 6.8 கோடி டாலருக்கு அதை வெளியூருக்கு விற்க முடிவானபோது, ஊரே பணம் திரட்டி நகரிலேயே நிறுத்திக்கொண்டது. விலையை வைத்துக் கலையை அளக்கச் சொல்லவில்லை. சங்கடம் தந்த ஓவியத்தைத்தான் அந்த ஊர் தன்னுடையது என்று பிடித்துக்கொண்டது, அவ்வளவே.

குழந்தைகள் வார்டில் இப்படி ஒன்றை மாட்டச் சொல்லவில்லை. வலியோடு காத்திருப்பவர் கண்ணெதிரே அது வேண்டாம். ஆனால் மாணவர்கள் நுழையும் விரிவுரைக் கூடத்தில் ஏன் கூடாது? தேர்வுக் குழுவில் மருத்துவர்களோடு ஓர் ஓவியரையும் உட்கார வையுங்கள். வெளிச்சம் எங்கே விழுகிறது, யாருடைய வலி ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறது என்று அவரிடம் கேளுங்கள். 'மனதை உறுத்தக் கூடாது' என்று விதிமுறையில் ஒரு வரி இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். அந்த வரியால் ஏற்கெனவே ஒதுக்கிய ஓவியங்கள் இருந்தால், வரைந்தவர்களைக் கூப்பிட்டு மறுபடி பாருங்கள்.

இப்படிக்கு,
ஓவியங்களை நேசிக்கும் ஒரு வாசகர்