செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: பூட்டும் சாவியும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கைவிட்ட கட்டடங்களைத் தேடிப் போய்ப் பார்க்கும் நம் சங்கத்தில் இந்த ஆண்டு 27 பேர். சந்தா கட்டியவர்கள் 19 பேர். மீதி எட்டுப் பேரும் இன்று போண்டா வைத்திருக்கும் மேசைக்குப் பக்கத்திலேயே அமர்ந்திருப்பதைக் குறிப்பிடும்படி பொருளாளர் கேட்டுக்கொண்டார்.

ஐப்பசி, கார்த்திகையில் எங்கும் போகவில்லை. மழையில் ஊறிய சுண்ணாம்புச் சுவருக்கு அடியில் நிற்பதை வீரம் என்று நான் எழுத மாட்டேன். மற்ற மாதங்களில் ஆறு பயணங்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி 1802-இல் கட்டிய முத்தம்மாள் சத்திரமும், பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலின் நாயக்கர் கால நெற்களஞ்சியமும் பலரும் அறிந்தவை. படங்கள் ஆல்பத்தில் உள்ளன. களஞ்சியம் 3,000 கலம் (பழைய நெல் அளவு) கொள்ளும் என்றதும் நம் விவசாய உறுப்பினர் அங்கேயே குந்தி மூட்டைக் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார். அன்று மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு.

தை மாதப் பயணத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926 முதல் 1986 வரை மீட்டர் கேஜ் ரயில் ஓடியது; ஏறத்தாழ 30 கிலோமீட்டர். தண்டவாளத்தை எப்போதோ பெயர்த்துவிட்டார்கள். மண்மேடு மட்டும் செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் என்று வயல்களுக்கு இடையே விட்டுவிட்டுத் தெரிகிறது. நடுவில் கருவை மண்டி மறைந்து போகிறது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் முடிந்தவரை நடந்தோம்.

வழியில் ஒரு ஸ்டேஷன். ஊர்ப்பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். காரணம் பின்னால் வரும். ஓட்டுக் கூரையில் பாதி இல்லை. சுவர் வெடிப்பில் அரசங்கன்று ஆள் உயரம் வளர்ந்திருக்கிறது. டிக்கெட் கொடுத்த துவாரத்தின் கீழ்க்கட்டை மட்டும் நடுவில் வழவழவென்று குழிந்திருந்தது. அறுபது ஆண்டு உள்ளங்கைகளும் சில்லறையும் தேய்த்த குழி. நான் அதில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்: "யாரைக் கேட்டு வந்தீர்கள்?"

நடைமேடையில் நெல் காயப் போட்டிருந்த ஆயா. உள்ளறைக்குப் பூட்டு வாங்கிப் போட்டவரும் அவர்தான். சாவி முந்தானை முடிச்சில் இருந்தது. திறந்து காட்டினார்: வைக்கோல், இரண்டு ஆட்டுக்குட்டிகள், சுவரில் நேரம் எழுதியிருந்த கரும்பலகையின் சட்டம். நம் கையிலிருந்த அளவு நாடாவைப் பார்த்ததும் அவருக்கு முகம் மாறியது. நிலம் எடுக்க வந்திருக்கிறோமோ என்ற பயம். இல்லை, சும்மா பார்க்க வந்தோம் என்றால் நம்பவில்லை. சும்மா பார்க்க இதில் என்ன இருக்கிறது? இதைப் போலவே மூடிக் கிடந்த பேரளம்–காரைக்கால் தடத்தில் மறுபடி தண்டவாளம் வந்ததை அவரும் கேள்விப்பட்டிருக்கிறார். பிறகு மோர் கொடுத்துவிட்டு, இந்த ரயிலில் வெள்ளரிப்பிஞ்சு விற்றதைச் சொன்னார். இந்த டெல்டாவில் ஆளில்லாத கட்டடம் என்று ஒன்றை நான் இன்னும் பார்த்ததில்லை. எந்த இடிபாட்டுக்கும் ஒரு சாவிக்காரர் இருக்கிறார், அல்லது ஒரு ஆடு. ஆகவே இனி அளவு நாடா பையிலேயே இருக்கும். முதலில் ஆளைத் தேடிக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம்.

விபத்து ஒன்று. மூடிக் கிடக்கும் ஒரு ரைஸ் மில்லில், புகைபோக்கியைப் படம் எடுக்க மெட்ராஸ் டெரஸ் மச்சில் (மர உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிய தளம்) ஏறிய இளைஞர் ஒருவர், கரையான் தின்ற உத்திரத்தோடு முழங்கால்வரை இறங்கினார். கீழே நெல் அவிக்கும் பழைய தொட்டி, அதில் மழைத் தண்ணீர். ஏழு தையல், ஒரு டிடி ஊசி. அவர் முதலில் கேட்டது கேமராவைத்தான். மச்சில் ஏறக் கூடாது என்பது நம் விதிகளில் மூன்றாவது. அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டவர்தான் அவர்.

இதைவிட எனக்கு வலித்தது வேறு. நாம் ஆடியில் பார்த்த ஒரு சத்திரத்தின் தேக்குக் கதவைப் படம் எடுத்து, ஊர், தெரு, அடையாளம் எல்லாம் எழுதி உறுப்பினர் ஒருவர் பகிர்ந்தார். நல்ல எண்ணம்தான். மாசியில் மறுபடி போனபோது கதவு இல்லை, நிலையையும் பெயர்த்திருந்தார்கள். செங்கல் வாய் பிளந்து நின்றது. கதவை எடுத்தவர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வந்தார் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனாலும் இனி எந்தப் படத்திலும் இடப்பெயர் கூடாது என்ற தீர்மானத்தைச் செயற்குழு கொண்டுவருகிறது. ஒருவர் எதிர்த்திருக்கிறார், இடம் தெரியாவிட்டால் யார் காப்பாற்றுவார்கள் என்பது அவர் வாதம். அதையும் கேட்டுவிட்டு வாக்களியுங்கள்.

கணக்கைப் பொருளாளர் படிப்பார். வேன் வாடகைதான் பெருஞ்செலவு.

வரும் ஆண்டின் முதல் பயணம் மனோரா. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்காகச் சரபோஜி மன்னர் மல்லிப்பட்டினம் அருகே கடலோரத்தில் எழுப்பிய எட்டு அடுக்குக் கோபுரம். செப்பனிட்ட கட்டடம் நம் கணக்கில் சேருமா என்று செயற்குழுவில் ஒரு மணி நேரம் சண்டை. போகலாம் என்று ஒரு வாக்கில் முடிவானது. அந்த வாக்கு என்னுடையது.

சங்கத்தின் பெரிய டார்ச் விளக்கு மாசியிலிருந்து காணவில்லை. வைத்திருப்பவர் பெயர் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைக்குள் என் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டால் போதும், கதவைத் தட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்