பம்பை மாற்றும் முன் வோல்ட்டைப் பாருங்கள்

கார் கம்பெனிகளின் சர்வீஸ் பொறுப்பாளர்களுக்கும், கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் அவர்கள் பெயரில் ஒர்க்‌ஷாப் நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

தேவனாம்பட்டினத்தில் குடியிருக்கிறேன். ஏழு வருடமாக ஒரே பெட்ரோல் கார்தான் வைத்திருக்கிறேன். எந்தக் கம்பெனி என்று இங்கே எழுதவில்லை. ஏனென்றால் எனக்கு நடந்ததையே வேறு வேறு கம்பெனி வண்டி வைத்திருக்கும் நாலைந்து பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். ஐந்து மாதத்தில் நான்கு முறை உங்களில் ஒருவருடைய ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டேன். இரண்டு முறை பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். இரண்டு முறையும் வண்டி திரும்ப நின்றது.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் பம்பு போய்விட்டது என்று முடிவு கட்டும் முன், பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் சாக்கெட்டில் எத்தனை வோல்ட் வருகிறது என்று அளந்து பாருங்கள். வண்டியின் குறையையும் செய்த வேலையையும் குறிக்கும் ஜாப் கார்டில் அந்த எண்ணை எழுதுங்கள்.

இதற்காக ஏன் ஒரு மடல் எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நோணாங்குப்பம் பாலத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் அம்மாவுக்கு 71 வயது, இதய நோயாளி. ஜிப்மருக்குப் போக விடியற்காலை நாலரைக்கு வீட்டிலிருந்து கிளம்பினோம். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் வரை ஒரு தொந்தரவும் இல்லை. நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுப் பாலம் ஏறும்போது முன்னால் போன லாரி வேகம் குறைத்தது. நானும் பிரேக் மிதித்தேன். இன்ஜின் இரண்டு தடவை குலுங்கி அணைந்துவிட்டது. செல்ஃப் அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது. நான் இறங்கித் தள்ள ஆரம்பித்தேன். கதவு திறக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினால் அம்மா ரோட்டில் நிற்கிறார். "நா எறங்கிக்கிறேம்பா, பாரம் கொறையட்டும்" என்கிறார். மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கும் மனுஷி, லாரியும் பஸ்ஸும் போகிற பாலத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். கழுத்தெல்லாம் வியர்வை. இது உங்கள் ஆட்கள் புதுப் பம்பு போட்டு, "இனி பிரச்சினை வராது சார்" என்று சாவி கொடுத்துப் பதினெட்டாவது நாள்.

விடிந்த பிறகு அதே வண்டி ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆனது. ஆஸ்பத்திரியில் நேரம் தவறிவிட்டது, வேறு தேதி வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

விடிந்ததும் தானாக ஸ்டார்ட் ஆனதை ஒர்க்‌ஷாப்பில் மூன்று முறை சொன்னேன். நோயின் அடையாளமே அதில்தான் இருந்தது. ஜாப் கார்டில் அதற்கு இடமில்லை. 'ஸ்டார்ட்டிங் பிராப்ளம்' என்று மட்டும் எழுதினார்கள். கம்ப்யூட்டர் ஸ்கேனர் போட்டார்கள், கோளாறைச் சொல்லும் எரர் கோடு எதுவும் வரவில்லை. பம்பு சாக்கெட்டைக் கழற்றி மீட்டர் வைத்தார்கள், 12.4 வோல்ட் காட்டியது. "வயரிங் ஓகே, பம்புதான் வீக்" என்றார்கள். முதல் பில் 9,800 ரூபாய். அடுத்த முறை பம்புக்கு வாரண்டி, கூலி மட்டும் 1,400 ரூபாய். இடையில் ஒருநாள், "புதுச்சேரியில் விலை கம்மின்னு அங்க பெட்ரோல் போடுவீங்க, அதனால இருக்கும் சார்" என்று பெட்ரோல் மேலும் பழி போட்டார்கள். கடலூர்க்காரர் பாதிப் பேர் அங்கேதான் போடுகிறோம். எல்லா வண்டியுமா பாலத்தில் நிற்கிறது?

கடைசியில் கடலூர் முதுநகரில் சின்ன ஷெட் வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனேன். சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "அண்ணே, நிக்கும்போது லைட்டு போட்டிருந்தீங்களா?"

அவர் சாக்கெட்டைக் கழற்றவில்லை. பின் சீட்டைத் தூக்கிவிட்டு, சாக்கெட்டின் பின்பக்கம் ஒயர் ஓரமாக மெல்லிய ஊசியைச் செருகி, இன்ஜினை ஓடவிட்டு அளந்தார். பேட்டரியில் 13.9 வோல்ட். பம்புக்குப் போய்ச் சேர்ந்தது 10.1. பிளஸ் பக்கம் ஃபியூஸ், ரிலே (பம்புக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் ஸ்விட்ச்) எல்லாம் சேர்த்து 0.2 வோல்ட்தான் இழப்பு. பாக்கி 3.6 வோல்ட் எர்த்துப் பக்கம், அதாவது கரண்ட் வண்டி பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிற பக்கம், இழப்பாகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஹெட்லைட்டைப் போடச் சொன்னார், பிரேக்கை மிதிக்கச் சொன்னார். மீட்டர் 8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியது. பம்பின் ரீங்காரம் காதில் கேட்கும்படியே தேய்ந்தது. என் வண்டியில் பின் லைட்டு, பிரேக் லைட்டு, பம்பு மூன்றுக்கும் ஒரே எர்த்து போல்ட். இருட்டில் லைட்டும் பிரேக்கும் சேர்ந்தபோது நின்ற வண்டி, விடிந்து லைட் தேவையில்லாதபோது ஸ்டார்ட் ஆனது இதனால்தான்.

அந்த போல்ட்டை எனக்குக் காட்டினார். கம்பளத்துக்கு அடியில், ஒயர் வளையத்தைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. தொட்டுப் பார்த்தேன், சுட்டது. கிளாம்ப் மீட்டரில் பம்பு மட்டும் 5 ஆம்பியர் எடுத்தது. 3.6 வோல்ட்டை 5-ஆல் பெருக்கினால் 18 வாட். அவ்வளவு சக்தியும் பம்புக்குப் போகாமல் அந்த போல்ட்டில் வெறும் சூடாக வீணாகியிருக்கிறது. கழற்றி, எமரித் தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, வாசலின் தடவினார். திரும்ப அளந்தார்: பம்பில் 13.6 வோல்ட். கூலி 350 ரூபாய்.

உங்கள் ஆட்கள் அளந்த 12.4 பொய்யில்லை. சாக்கெட்டைக் கழற்றினால் கரண்ட் ஓடாது. கரண்ட் ஓடாத ஒயரில் இழப்பும் இருக்காது. ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டும். ஸ்கேனரும் அப்படித்தான். பல வண்டிகளில் ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ரிலேயை இயக்குகிற காயில் பக்கத்தைத்தான் கண்காணிக்கிறது. ரிலேயைத் தாண்டிப் பம்புக்குப் போகிற கனமான கரண்ட்டின் பாதையில் என்ன கோளாறு என்று அதற்குத் தெரியாது. எரர் கோடு வரவில்லை என்பதால் ஒயர் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

உங்களிடம் விலை உயர்ந்த கருவிகள் இருக்கின்றன, பயிற்சி பெற்ற ஆட்கள் இருக்கிறார்கள். சாவியைத் திருப்பினால் இரண்டு மூன்று நொடி பம்பு ஓடி நிற்க வேண்டும், இன்ஜின் சுற்றும் சிக்னல் ஈசிஎம்முக்கு வந்தால்தான் மறுபடி ஓடும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அந்த சிக்னலைக் கொடுக்கும் கிராங்க் சென்சார் போனாலும், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணாவிட்டாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. பம்பு மேல் பழி விழ இத்தனை வழி இருக்கும்போது, அளந்து பார்க்காமல் பம்பை மாற்றுவது எந்த ஊர் நியாயம்? தேடிக் கண்டுபிடிக்கிற வேலைக்கு உங்கள் பில்லில் மதிப்பில்லை, பார்ட்ஸ் மாற்றினால்தான் கணக்கு ஏறுகிறது. அதனால்தான் இப்படி நடக்கிறது என்று நினைக்கிறேன். தேடுகிற வேலைக்கே கூலி போடுங்கள். மனதாரக் கொடுப்பேன்.

உங்களிடம் இரண்டு முறை தோற்றுப் போனவன் என்ன செய்கிறான் தெரியுமா? ரிலேயைத் தூக்கிப் போட்டுவிட்டு பேட்டரியிலிருந்து பம்புக்கு நேர் ஒயர் இழுத்து ஸ்விட்ச் வைத்துக்கொள்கிறான். எனக்கும் ஒருவர் அப்படிச் செய்து தரவா என்று கேட்டார். விபத்தில் இன்ஜின் அணைந்தால் பம்பும் தானாக நிற்க வேண்டும். நேர் ஒயர் போட்ட வண்டியில் அது நிற்காது, உடைந்த குழாய் வழியாகப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

எங்கள் ஊர் உங்களுக்குத் தெரியாததில்லை. கடற்காற்று எப்போதும் உண்டு. 2011 டிசம்பரில் தானே புயல். 2015-இல் வெள்ளம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல், அடுத்த இரண்டு மூன்று நாளில் தென்பெண்ணை வெள்ளம். அப்போது என் கார் கதவு வரை தண்ணீரில் நின்றது. அதையும் சொன்னேன், அதுவும் ஜாப் கார்டில் ஏறவில்லை. கடலோர ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் எர்த்து போல்ட்டுகளைப் பார்ப்பதை வருட சர்வீஸிலேயே சேர்த்திருக்க வேண்டும்.

முதுநகர் எலக்ட்ரீஷியனிடம் என் வண்டியின் வயரிங் படம் கிடையாது. ஒயர் நிறத்தைப் பார்த்தும் அனுபவத்தாலும் கண்டுபிடித்தார். பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பர் 24 அன்று இணையதளம் தொடங்கியது, அதில் வாகனங்களும் உண்டு. வயரிங் படத்தை அவரைப் போன்றவர்களுக்கும் எங்களுக்கும் கிடைக்கும்படி செய்யுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

கோபத்தில் எழுதியதில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மா அந்தப் பாலத்தில் நடந்து வந்தது இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. நான் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. பம்பு ஓடும்போது அதன் சாக்கெட்டில் வோல்ட்டை அளந்து, பிளஸ் பக்கம் எவ்வளவு இழப்பு, எர்த்துப் பக்கம் எவ்வளவு இழப்பு என்று இரண்டு எண்களை ஜாப் கார்டில் எழுத வேண்டும் என்று உங்கள் எல்லா ஒர்க்‌ஷாப்புக்கும் தயவுசெய்து உத்தரவு அனுப்புங்கள். லைட் போட்டு, பிரேக் மிதித்தும் அளக்கச் சொல்லுங்கள்.

முதலில் கழற்றிய பம்பைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். எலக்ட்ரீஷியன் ஒரு நொடி கரண்ட் கொடுத்துப் பார்த்தார், ஓடுகிறது. உங்கள் பொறியாளர் யாராவது வந்தால் அதையும் அந்த போல்ட்டையும் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்